வேலியின் மேல் ஒரு வளைகோடு

அயர்லாந்தின் பழைய நில அளவை வரைபடங்களில், குறிப்பாக ஒரு மைல் தூரத்தை 25 அங்குலமாக வரைந்த பெரிய தாள்களில், விளங்காத குறி ஒன்று அடிக்கடி கண்ணில் படும். வயல்வேலியின் மேலோ ஓடையின் மேலோ குறுக்காக, நீட்டி இழுத்த ஆங்கில ‘எஸ்’ எழுத்தைப் போல ஒரு சிறு வளைகோடு. பக்கத்தில் பெயர் இருக்காது, விளக்கம் இருக்காது. ஒரே தாளில் பல இடங்களில் அது வரும். முதன்முறை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். வேலியைத் தாண்டுவதற்கான படி என்பார் ஒருவர். கதவு என்பார் இன்னொருவர். ஓடையின் மேல் போட்ட பலகைப் பாலம், மண்ணுக்கடியில் போகும் வடிகால் என்றெல்லாம் யூகங்கள் வரும். அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தால் வேலி மட்டும்தான் இருக்கும். படியும் இருக்காது, பாலமும் இருக்காது.

வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு குறிக்கும் நிலத்தில் ஒரு பொருள் இருந்தே தீரவேண்டும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். ஏமாறுவது அதனால்தான். இந்த வளைகோட்டுக்கு உரிய பொருள் வயலில் கிடையாது, கணக்கேட்டில் இருக்கிறது. அது என்ன கணக்கு என்று தெரிய வேண்டுமானால், இந்த வரைபடத்தை யார், யாருடைய காசில், எதற்காக வரைந்தார்கள் என்ற கதைக்குள் போக வேண்டும். பழைய வரைபடக் குறிகளில் பாதிக்கும் மேல் இந்தக் கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும் என்பது என் கட்சி.

அயர்லாந்தின் கவுண்டிகள் எனும் மாவட்டங்களில் சாலை, பாலம் முதலிய செலவுகளுக்காக ஒரு உள்ளூர் வரி வசூலிக்கப்பட்டது. அந்த வரி டவுன்லேண்ட் வாரியாகப் பிரிக்கப்படும். டவுன்லேண்ட் என்ற சொல்லில் டவுன் இருப்பதால் நகரம் என்று நினைத்துவிட வேண்டாம். சராசரியாக 300 ஏக்கர் அளவுள்ள கிராமப்புற நிலப்பிரிவு அது. நாடு முழுவதும் இப்படி 60,000க்கும் மேற்பட்ட பிரிவுகள் உண்டு. எது எவ்வளவு பெரியது என்பதற்கு நம்பகமான அளவு கிடையாது. யாரோ எப்போதோ மதிப்பிட்டு வைத்த பழைய பரப்பின்மீது வரி ஏறிக்கொண்டிருந்தது. 1824இல் தாமஸ் ஸ்பிரிங் ரைஸ் தலைமையிலான பாராளுமன்றக் குழு இதற்கு ஒரு வழி சொன்னது: நாடு முழுவதையும் ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்ற அளவில் வரைந்துவிடுங்கள், வரிக்கான மதிப்பீடு அதற்குப் பிறகு நடக்கட்டும்.

வேலை ராணுவத்திடம் போனது. படைக்கலத் துறையின் பொறியாளர்கள், தாமஸ் கோல்பி என்ற அதிகாரியின் கீழ், டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் உள்ள மவுண்ட்ஜாய் மாளிகையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு இறங்கினார்கள். கோல்பி ஒரு துப்பாக்கி விபத்தில் இடது கையை இழந்தவர். அதோடு மலை மலையாக ஏறி அளந்தவர். 1833இல் லண்டன்டெரி கவுண்டியின் தாள்கள் வெளிவந்தன. கடைசியாகக் கெர்ரி 1846இல் முடிந்தது. மொத்தம் 1,900க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டுத் தாள்கள்.

இவ்வளவு தாள்களும் தொங்கிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கோட்டில். முக்கோண முறையில் அளக்கும்போது கோணங்களைத் தியோடலைட் என்ற கருவியால் பார்த்துவிடலாம். ஆனால் ஏதாவது ஒரு பக்கத்தின் நீளத்தையாவது தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். கோல்பி வடக்கே லஃப் ஃபாயில் கழிமுகத்தின் கரையில் ஏறத்தாழ 8 மைல் நீளமுள்ள ஓர் அடிக்கோட்டை 1827-28இல் அளந்தார். உலோக அளவுகோல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். இதைச் சமாளிக்கப் பித்தளைச் சட்டம் ஒன்றையும் இரும்புச் சட்டம் ஒன்றையும் நடுவில் பிணைத்து, இரண்டின் முனைகளையும் குறுக்கே ஒரு சிறு நாக்கால் இணைத்தார். பித்தளை அதிகமாக நீளும், இரும்பு குறைவாக நீளும். அதனால் நாக்கு சற்றே சாயும். அந்த நாக்கில் சரியான இடத்தில் ஒரு புள்ளி வைத்தால், எந்த வெப்பநிலையிலும் இரு முனைப் புள்ளிகளுக்கும் இடையிலான தூரம் மாறாது. 1960இல் மின்னணுக் கருவியால் அதே கோட்டைத் திரும்ப அளந்தபோது வித்தியாசம் ஓர் அங்குல அளவே இருந்தது.

இந்தச் சட்டங்களுக்கு நம் ஊரோடும் ஒரு தொடர்பு உண்டு. 1829இல் ஜார்ஜ் எவரெஸ்ட் அயர்லாந்துக்குப் போய் கோல்பியின் வேலையை நேரில் பார்த்தார். அவருக்கு முன்பு லாம்டன் என்ற அளவையாளர் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே எஃகுச் சங்கிலியால் தொடங்கிவைத்த இந்தியப் பெருமுக்கோண அளவைக்கு அதே மாதிரிச் சட்டங்களை வாங்கிவந்தார். 1831இல் கல்கத்தாவில் தொடங்கி, அவற்றைக் கொண்டு அளந்த அடிக்கோடுகள் பத்து. பத்தாவது, குமரி முனைக் கோடு, 1868-69இல் முடிந்தது.

வரைபடத்துக்குத் திரும்புவோம். ஒரு மைலுக்கு 6 அங்குலம் என்றால் 10,560இல் ஒரு பங்கு. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் பத்தரை மீட்டர். செதுக்குபவரின் உளி போடும் மெல்லிய கோடு 0.2 மில்லிமீட்டர் இருந்தால், தரையில் அது இரண்டு மீட்டர் அகலம். இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டு டவுன்லேண்டுகளுக்கு நடுவே ஓடை ஓடுகிறது. எல்லை ஓடையின் இந்தக் கரையா, அந்தக் கரையா, நடுவா? வரி போடுபவருக்கும் நில உரிமையாளருக்கும் இது உயிர்நிலைக் கேள்வி. ஆனால் கோட்டின் தடிமனுக்குள்ளேயே மூன்று பதில்களும் அடங்கிவிடுகின்றன. வரைந்து காட்ட முடியாது, எழுதித்தான் காட்ட வேண்டும். பெரிய தாள்களில் கோட்டின் அளவு சிறுத்தபோதும் இதே தொல்லை தொடர்ந்தது. எனவே எல்லைப் புள்ளிக்கோடுகளை ஒட்டிப் பொடி எழுத்துகள் வந்தன. சி.எஸ். என்றால் எல்லை ஓடையின் நடுவில் போகிறது. சி.ஆர். என்றால் சாலையின் நடுவில். எஃப்.டபிள்யூ. என்றால் சுவரின் முகத்தை ஒட்டி. ‘அன்ட்.’ என்று வெட்டி எழுதியிருந்தால் தரையில் எல்லையைக் காட்ட எந்த அடையாளமும் இல்லை என்று பொருள். ஏதோ கட்டடத்தின் சுருக்கப் பெயர் என்று நினைத்து இந்த எழுத்துகளோடு மல்லுக்கட்டியவர்கள் பலர்.

இந்த எல்லைகளைப் பட்டாளத்தார் தாமாகவே தீர்மானித்துவிடவில்லை. ரிச்சர்ட் கிரிஃபித் என்பவரின் தலைமையில் 1825 முதல் தனி எல்லை அளவைத் துறை இயங்கியது. ஒவ்வோர் ஊரிலும் எல்லை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு அதிகாரிகள் வேலி வேலியாக நடந்தார்கள். ‘இந்தப் பள்ளம் எங்களுடையது, அந்தக் கல்லுக்கு அப்பால் அவர்களுடையது’ என்று அவர் காட்டக் காட்ட, குறிப்பேடு நிரம்பியது. ஒரு விவசாயியின் ஞாபகம் சட்டபூர்வமான கோடாக மாறிய கணம் அது.

இனி அந்த வளைகோடு. 25 அங்குலத் தாள்கள் அயர்லாந்தில் 1887இல் தொடங்கி 1913 வரை வரையப்பட்டன. காரணம், நிலச் சட்டங்கள். பண்ணையாரிடம் குத்தகைக்கு இருந்தவர்களுக்கே நிலத்தை விற்கும் காலம் அது. 1885இலும் 1903இலும் வந்த சட்டங்களால் லட்சக்கணக்கான துண்டுகள் கைமாறின. ஒவ்வொரு துண்டுக்கும் பரப்பு வேண்டும். இந்த அளவில் ஓர் அழகான வசதி இருக்கிறது: தாளில் ஒரு சதுர அங்குலம் என்பது தரையில் ஏறத்தாழ ஓர் ஏக்கர். அளந்து, கூட்டி, ஏக்கரிலும் அதன் தசமங்களிலும் துண்டின் நடுவே பரப்பை அச்சிட்டார்கள்.

ஆனால் எல்லாத் துண்டுகளும் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஓடைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு கீற்று நிலம். வீட்டு முற்றத்துக்கும் சாலைக்கும் இடையே ஒரு முக்கோணம். இவற்றைத் தனியாக அளந்து தனிப் பரப்பு எழுதுவது வெட்டிவேலை. எனவே பக்கத்துத் துண்டோடு சேர்த்து ஒரே பரப்பாகக் கணக்கிட்டார்கள். ‘நடுவில் கோடு ஓடினாலும் இரண்டு பக்கமும் ஒரே கணக்கு’ என்று வாசகருக்குச் சொல்ல, அந்தக் கோட்டின் மேல் ஒரு வளைகோட்டைப் போட்டார்கள். அவ்வளவுதான். நிலத்தை விலைபேசாத ஒரு நாட்டில் இந்தக் குறிக்கு வேலையே இருந்திருக்காது.

இதற்கு நேரெதிராக, நிலத்தின் உருவத்தை அப்படியே சொல்லும் குறிகளும் உண்டு. சரிவுக் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பு வடிவத்தில் அடுக்கடுக்காகப் போட்ட சிறு கோடுகள் அவை. தடித்த முனை மேட்டில், மெலிந்த முனை பள்ளத்தில். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் வட்டங்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம். ஒரு வட்டத்தின் சரிவுக் கோடுகள் உள்நோக்கி மெலிந்தால் அது குழி: கல்குவாரியோ சரளை எடுத்த பள்ளமோ. வெளிநோக்கி மெலிந்தால் மேடு. நடுவில் சமதளம் விட்டு, சுற்றிலும் கரையாக இரண்டு பக்கமும் கோடுகள் இறங்கினால், அது பெரும்பாலும் ஒரு வட்டக்கோட்டை. சுமாராகக் கி.பி. 500க்கும் 1000க்கும் இடையில், மண்கரை எழுப்பி அதற்குள் வீடும் தொழுவமுமாக வாழ்ந்த குடும்பங்களின் இருப்பிடங்கள் இவை. அயர்லாந்தில் ஏறத்தாழ 45,000 இருந்ததாகக் கணக்கு. வழக்கமாக முப்பது மீட்டர் விட்டம், 6 அங்குலத் தாளில் மூன்று மில்லிமீட்டர் வட்டம். பயறு அளவுகூட இல்லை. ஆனால் கரையை இடித்து வயலாக்கிய பிறகு பல இடங்களில் மிஞ்சியிருப்பது இந்த மூன்று மில்லிமீட்டர்தான். அயர்லாந்தின் தொல்சின்னப் பதிவேட்டைத் தொகுத்தவர்கள் முதலில் எடுத்து விரித்தது இந்தப் பழைய தாள்களைத்தான். பிறகுதான் விமானப் படங்களும் லேசர் அளவையும் வந்தன.

எழுத்தின் வடிவமும் ஒரு குறிதான், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். சாதாரணக் கிணறு சாதாரண எழுத்தில் இருக்கும். தொன்மையானது என்று அளவையாளர்கள் கருதிய இடத்தின் பெயர், பழைய கையெழுத்துப் பிரதிகளை நினைவூட்டும் கோதிக் எழுத்தில் இருக்கும். கோட்டை, பாழடைந்த தேவாலயம், புனிதக் கிணறு எல்லாம் அப்படித்தான். இதற்குப் பின்னால் ஜார்ஜ் பெட்ரி, ஜான் ஓடோனவன், யூஜின் ஓகரி போன்ற அறிஞர்களின் உழைப்பு இருக்கிறது. ஓடோனவன் ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பெயர்களையும் கதைகளையும் கேட்டு எழுதினார். வரிக்காகத் தொடங்கிய வேலைக்குள் தொல்லியலும் நுழைந்துகொண்டது இப்படித்தான்.

அந்தப் பெயர்களில் என்னைப் பெரிதும் தடுத்து நிறுத்துவது ‘குழந்தைகள் புதைகாடு’ என்ற எழுத்துதான். புள்ளிக்கோட்டால் சுற்றிய சிறிய இடம், சில சமயம் பழைய வட்டக்கோட்டைக்குள்ளேயே, சில சமயம் கைவிட்ட தேவாலயத்தின் பக்கத்தில், கடலோரத்தில், இரண்டு டவுன்லேண்டுகளின் எல்லையில். ஐரிஷ் மொழியில் கில்லீன் என்பார்கள். ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களைத் திருச்சபையின் புனித மண்ணில் புதைக்க அனுமதி இல்லாத காலம். தகப்பன் இரவில் தூக்கிப் போய் இப்படி ஓர் இடத்தில் புதைத்துவிட்டு வருவார். பெயர் பொறித்த கல் வைப்பதில்லை, வயலில் கிடக்கும் கல் ஒன்றை நட்டால் உண்டு. ஞானஸ்நானமே இல்லாததால் பங்குக் கோயில் பதிவேட்டிலும் பெயர் ஏறாது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சில ஊர்களில் இவை புழக்கத்தில் இருந்தன. திருச்சபையின் ஏட்டில் இடம் பெறாத இந்தக் குழந்தைகள், வரி அளக்க வந்த பட்டாளத்தாரின் தாளில் இடம்பெற்றுவிட்டார்கள். ஊர்க்காரர் யாரோ சொல்லியிருக்கிறார், சர்வேயர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அதிகாரத்தின் குரலும் இதே எழுத்துகளில் கேட்கும். ‘தேவாலயம்’ என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது அரசு அங்கீகரித்த ஆங்கிலிக்கன் ஆலயம். நாட்டின் பெரும்பான்மையினர் வழிபட்ட கத்தோலிக்க ஆலயத்துக்கு ‘ஆர்.சி. சேப்பல்’ என்ற அடைமொழி. பண்ணையாரின் மாளிகைத் தோட்டம் மட்டும் முழுக்கப் பொடிப்புள்ளிகளால் நிழலிட்டிருக்கும்.  அந்தத் தோட்டத்துக்குள் நிற்கும் மரக்குறிகளை எண்ணி மரக்கணக்கு எடுக்கவும் வேண்டாம். பல இடங்களில் அவை ‘இங்கே மரங்கள் உண்டு’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கூரையுள்ள கட்டடம் உள்ளே நிரப்பியோ கோடிட்டோ இருக்கும். கூரை போன சுவருக்கு வெறும் வெளிக்கோடு. இதைத் தெரிந்துகொண்டு 1830களின் தாளையும் 1890களின் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேற்கு அயர்லாந்தில், பங்காளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த வீட்டுக் கொத்துகள் முதல் தாளில் கரும்புள்ளிகளாகக் குவிந்திருக்கும். இரண்டாம் தாளில் வெளிக்கோடாகத் தேய்ந்திருக்கும், அல்லது வெற்றிடமாக இருக்கும். நடுவே 1845இல் உருளைக்கிழங்கு நோய் வந்தது. 1841இல் 81 லட்சத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகச் சுருங்கியது. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போகக் கப்பலேறியவர்கள் மிச்சம். முதல் பதிப்பின் பெரும்பகுதி பஞ்சத்துக்குச் சற்று முன்பு முடிந்தது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலுக்கு இன்று விலையே கிடையாது. ஏனென்றால் 1821 முதல் 1851 வரையிலான குடிக்கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது சாம்பலாகிவிட்டன. ஆட்களின் பெயர்கள் போய்விட்டன, வீடுகளின் புள்ளிகள் இருக்கின்றன. வீடுகளோடு சேர்ந்து வாழ்ந்த வேறு சிலவும் தாளுக்குத் தாள் கரைவதைப் பார்க்கலாம்: சுண்ணாம்புக் காளவாய், தானியம் உலர்த்தும் சூளை, மேய்ந்து பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பட்டி.

அம்புகளில் கவனம் தேவை. ஓடைக்குள் இருக்கும் சிறு அம்பு நீர் ஓடும் திசை. தடித்த, அகன்ற அம்பும் பக்கத்தில் ‘பி.எம்.’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது பெஞ்ச் மார்க், அதாவது உயரம் தீர்மானித்த இடம். தேவாலயச் சுவரிலும் பாலத்திலும் இந்த அம்பை உளியால் வெட்டியிருப்பார்கள். அதன் தலைமேல் கிடக்கும் கிடைக்கோடுதான் உண்மையான உயரம். அம்பு வடிவம் படைக்கலத் துறையின் அரசுச் சொத்து முத்திரை. அது வடக்கைக் காட்டவில்லை.

அந்த எண்ணை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பழைய தாள்களில் உயரங்கள் டப்ளின் குடாவின் பூல்பெக் கலங்கரை விளக்கில் 1837 ஏப்ரல் 8 அன்று பதிவான கடல் வற்றிய மட்டத்திலிருந்து தொடங்குகின்றன. இன்றைய ஐரிஷ் வரைபடங்கள் வடகோடியில் மாலின் ஹெட்டில் கணக்கிட்ட சராசரிக் கடல் மட்டத்தை எடுத்துக்கொள்கின்றன. இரண்டுக்கும் சுமார் 2.7 மீட்டர் வித்தியாசம். பழைய அடிக்கணக்கை மீட்டராக்கிப் புதியதோடு ஒப்பிட்டுவிட்டு, ஊரே அமிழ்ந்துவிட்டது என்று யாரும் பதற வேண்டியதில்லை.

அளவுகளிலும் இப்படி ஒரு பொறி உண்டு. 12.3.20 என்று பரப்பு எழுதியிருந்தால் அது தசமம் இல்லை. 12 ஏக்கர், 3 ரூட், 20 பெர்ச். நாற்பது பெர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஓர் ஏக்கர். ஆக, அது 12.875 ஏக்கர். ராணுவ அளவைக்கு முந்தைய பண்ணை வரைபடமாக இருந்தால் அந்த ஏக்கரே வேறாக இருக்கலாம். ஐரிஷ் பெர்ச் 21 அடி, ஆங்கிலப் பெர்ச் பதினாறரை அடி. அதனால் ஓர் ஐரிஷ் ஏக்கர் என்பது 1.62 சட்ட ஏக்கர். இதைக் கவனிக்காவிட்டால் பாட்டனார் நிலம் பிற்பாடு பாதிக்கும் மேல் கூடிவிட்டது என்று நினைத்துவிட இடமுண்டு.

சுருக்க எழுத்துகளுக்குச் சூழல்தான் அகராதி. ‘டபிள்யூ’ கிணறு, ‘பி’ அடிபம்பு. ‘எம்.பி.’ ரயில்பாதை ஓரத்தில் இருந்தால் மைல் கம்பம், துறைமுகத்தில் இருந்தால் படகு கட்டும் கம்பம். தாள்களில் குறிவிளக்கப் பட்டியல் அச்சிடும் வழக்கம் இல்லை, அது தனித் தாளாக வந்தது. இந்த வரைபடங்களை வாங்கிய மதிப்பீட்டாளருக்கும் வழக்கறிஞருக்கும் அதெல்லாம் மனப்பாடம். நாம்தான் வழி தவறி வந்த வாசகர்கள்.

கடைசியாக, இல்லாத குறியைப் பற்றியும் ஒரு சொல். லண்டன்டெரி போன்ற வடக்குக் கவுண்டிகளின் முதல் தாள்களைப் பார்த்தால் வயல்வேலிகள் பெரும்பாலும் இருக்காது. அங்கே வேலியே இல்லாத திறந்தவெளி இருந்தது என்று முடிவுகட்டினால் தவறு. டவுன்லேண்ட் எல்லை மட்டும் போதும் என்று தொடக்கத்தில் நினைத்தார்கள், செலவும் மிச்சம். மதிப்பீட்டாளர்கள் போதவில்லை என்றதும் பிற்பாடு வேலிகளும் ஏறின. ஆகவே தாளைக் கையில் எடுத்ததும் குறியைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு அச்சிட்டது என்ற இரண்டும் அங்கே இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. பிறகு அதே இடத்தின் இன்னொரு பதிப்பைத் தேடுங்கள். நில அளவை, நிலப்பதிவு, மதிப்பீடு ஆகிய மூன்று துறைகளும் 2023இல் டால்ட்யா ஏரென் என்ற ஒரே அமைப்பாக இணைந்துவிட்டன. டவுன்லேண்டின் பெயர் தெரிந்தால் போதும், 6 அங்குலத் தாள், 25 அங்குலத் தாள் இரண்டையும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.